ராஜாவைக் கட்டிலிலிருந்து இறக்கிய பரிவட்டம்

முன்னொரு காலத்தில் பூவாற்றூரை ரங்கபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உச்சிப்பொழுது வரை அவரைக் கட்டில்தான் ஆண்டது.

எழுப்பச் சொல்வதும் அவரே, எழுப்பியவனைத் தண்டிப்பதும் அவரே. கட்டிலடியில் கட்டிவைத்த சேவல் ஒரே ஒரு தடவை கூவிவிட்டு மத்தியானம் குழம்பானது. முகத்தில் பன்னீர் தெளித்த பணியாள் யானைக் கொட்டடிக்கு லத்தி அள்ளப் போனான். முரசடித்தவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கோயில் பரிவட்டத்தைத் தலையில் கட்டிக்கொண்டு ராஜா வடம் தொட்டால்தான் அந்த ஊரில் தேர் நகரும். போன வருஷம் அவர் தூங்கிப்போனதில் ஜனங்கள் கொதிக்கிற மண்ணில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். இந்த வருஷமும் தேர் நெருங்கியது.

மந்திரி சேந்தனார் மேல் வெகுநாளாக வயிற்றெரிச்சலில் இருந்தவர் விருப்பண்ணர் என்ற சபைப் பிரபு. அவர் சமயம் பார்த்து வாய் திறந்தார். மந்திரியார் மகா கெட்டிக்காரராயிற்றே, சத்தமில்லாமல், தொடாமல், தேரன்று விடியுமுன் அரசரை எழுப்பட்டுமே. முடியாவிட்டால் பதவியை விட்டுப் போகட்டும் என்றார். ராஜாவுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. சரி என்று சொல்லிவிட்டார்.

சேந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். தலை நரைத்த பிறகு எந்த வாசலில் போய் நிற்பது? கூவினாலும் தெளித்தாலும் எழாத மனுஷர் வேறு எதற்குத்தான் எழுவார் என்று யோசித்தபடி நிமிர்ந்தால், எதிரே சால்வையை நீவிக்கொண்டு விருப்பண்ணர் நின்றார். மந்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தேருக்கு முந்தின சாயங்காலம் அவரிடமே போய், என்னால் ஆகாது ஐயா, அரசர் எழாவிட்டால் பரிவட்டமும் முதல் மரியாதையும் தங்களுக்குத்தான் என்று பணிவாகச் சொன்னார். விருப்பண்ணருக்கு வாயெல்லாம் பல். உடனே கோயிலுக்கு ஆளனுப்பிப் பரிவட்டத்தை வரவழைத்துத் தலையில் வைத்துப் பார்த்தார்.

அதைக் கண்ணால் பார்த்த மந்திரி நேரே ராஜாவிடம் போனார். "மகாராஜா நிம்மதியாகத் தூங்கலாம். நாளைக்குப் பரிவட்டத்தை விருப்பண்ணர் கட்டிக்கொள்கிறார். இப்போதே வைத்துப் பார்த்துவிட்டார். அவர் தலைக்குக் கச்சிதமாக இருக்கிறது."

"அவர் தலைக்கா?" என்றார் ராஜா. பிறகு, நல்லது நல்லது என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

விடியுமுன் சேந்தனார் பள்ளியறைக்கு ஓடினார். கட்டில் காலி. தேரடிக்குப் போனால், கோயில் பட்டர் வருவதற்கு முன்பே, ஈரத்தலையோடு வடத்தைப் பிடித்துக்கொண்டு ராஜா நிற்கிறார். மேளதாளத்தோடு மாப்பிள்ளை போல வந்திறங்கிய விருப்பண்ணரை மேலும் கீழும் பார்த்து, "இத்தனை அலங்காரம் யாருக்கு ஓய்?" என்று கேட்டார். விருப்பண்ணர் கொண்டுவந்த பரிவட்டத்தை இரண்டு கையாலும் ராஜாவிடம் நீட்டினார்.

அன்று வெயிலேறுமுன் தேர் நிலைக்கு வந்தது. ராஜா தம் தோள் சால்வையை எடுத்துச் சேந்தனாருக்குப் போர்த்திவிட்டு, சபையாரைப் பார்த்துச் சொன்னார்: "என்னை எழுப்ப இனிச் சேவலும் வேண்டாம், முரசும் வேண்டாம். விருப்பண்ணர் தினமும் விடியுமுன் குளித்து, இதே அலங்காரத்தோடு என் கட்டிலெதிரே வந்து நிற்கட்டும். இவரைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது."

அன்றுமுதல் பூவாற்றூரில் ராஜா விடியலில் எழுந்தார். விருப்பண்ணருக்குத்தான் அதன்பிறகு ஒருநாளும் விடியும்வரை தூங்கக் கொடுத்துவைக்கவில்லை.