ஜன்னலோரத்து மரியாதை

மாறங்கோட்டை அரண்மனையில வேலை பாத்து, வயசாகி, கவனிக்க ஆளில்லாமப் போனவங்களுக்காக ராஜா உலகபூபதி ஒரு இல்லம் கட்டி வச்சிருந்தாரு. ஒரே நீளக் கூடம். இருபத்திரண்டு கட்டில். ஒரு கோடியில குளத்தைப் பாத்த பெரிய ஜன்னல். இன்னொரு கோடியில அரண்மனை மடப்பள்ளியோட ஒட்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு அணையறதே இல்ல.

மார்கழி பொறந்துச்சு. கூடத்துல ரகளையும் பொறந்துச்சு.

"ஜன்னலைச் சாத்துங்கடா! எலும்பெல்லாம் கடகடங்குது!" இது ஜன்னலோரக் கட்டில்ல சுருண்டு கெடந்த பழைய படைத்தலைவர் வில்லவராயர்.

"சாத்தினா நான் அவிஞ்சிருவேன் சாமி! தொறந்தே கெடக்கட்டும்!" இது சுவரோரத்துல வேர்த்து வழிஞ்ச பழைய சமையல்காரர் ஆண்டியப்பன்.

இல்லத்துக்குப் பொறுப்பு பிரதானி தாண்டவமூர்த்தி. மாசத்துக்கு ஒருக்கா வருவாரு, வாசப்படியைத் தாண்ட மாட்டாரு. குளிருதுன்னு சொன்னாலும் சரி, வேகுதுன்னு சொன்னாலும் சரி, மூக்கால ஒரே பதில்தான்: "எல்லாம் மனசுதான்யா! மனசு!"

விஷயம் சபைக்கு வந்துச்சு. அங்க வெள்ளியம்பலம்னு ஒரு ஆளு. யார் குரலை வேணும்னாலும் அப்படியே உரிச்சு வச்சிருவாரு. ராஜா, "என்னய்யா நடக்குது அங்க?"ன்னு கேட்டதும், பிரதானி வாயைத் தொறக்கறதுக்குள்ள, "எல்லாம் மனசுதான் மகாராஜா! மனசு!"ன்னு மூக்கால ஒரு இழுப்பு இழுத்தாரு. சபையே உருண்டு சிரிச்சுது.

பிரதானி மட்டும் சிரிக்கல. "மகாராஜா, இவ்வளவு கெட்டிக்காரர் இருக்கும்போது நமக்கென்ன கவலை? இவரே தீத்து வைக்கட்டும். நாளை உச்சிவேளைக்குள்ள வில்லவராயரும் ஆண்டியப்பனும் 'இதமா இருக்கு'ன்னு சொல்லணும். ஜன்னலைத் தொடக்கூடாது, அடுப்பை அணைக்கக்கூடாது, சுவத்துல கை வைக்கக்கூடாது. முடியலேன்னா இருபத்துமூணாவது கட்டில் இவருக்கு!"

"எத்தனை நாளைக்குங்க?"

"ஆயுசுக்கும்."

ராஜாவுக்கு வேடிக்கைன்னா உசுரு. "பலே! நானே வந்து பாக்கறேன்"ன்னுட்டாரு.

வெள்ளியம்பலம் நேரா இல்லத்துக்குப் போனாரு. பாத்த மாத்திரத்துல, 'அட, இவ்வளவுதானா'ன்னு தோணுச்சு.

"ஐயா, நீங்க சுவத்தோரம் போயிடுங்க. ஆண்டியப்பன் இங்க வரட்டும். முடிஞ்சுது சோலி."

வில்லவராயருக்கு நடுக்கமே நின்னு போச்சு. "என்ன சொன்னே? படை நடத்தின நான் கடைசிக் கட்டில்லயா? கரண்டி பிடிச்சவன் முதல் கட்டில்லயா? வெறைச்சுச் செத்தாலும் மரியாதையோட சாவேன்!"

அப்பத்தான் சங்கதி புரிஞ்சுது. கட்டிலெல்லாம் அரண்மனைப் பதவி வரிசை. ஜன்னல்தான் ஒசத்தி. அங்க ஒருத்தர் கண்ணை மூடினா மத்தவங்க ஒவ்வொரு கட்டிலா முன்னால நகரணும். ரெண்டாவது கட்டில்ல இருந்த பழைய காரியஸ்தர், வில்லவராயர் இருமற ஒவ்வொரு இருமலையும் ஆசையோட கேட்டுக்கிட்டுக் கெடந்தாரு.

ஒசந்த பதவிக்காரங்க எல்லாம் எலும்பும் தோலும், நடுங்கறாங்க. கடைசியில கெடக்கற சமையல்காரர், கொல்லர், வெந்நீர் போடறவர் எல்லாம் ஆயுசு பூரா நெருப்புல நின்னவங்க, காத்துக்கு ஏங்கறாங்க.

"ஜன்னல் ஏன் ஒசத்தி?"ன்னு கேட்டாரு. யாருக்கும் தெரியல. யாரோ என்னைக்கோ ஆரம்பிச்சது.

வெள்ளியம்பலம் சிரிப்பை அடக்கிக்கிட்டு அரண்மனைக்கு நடந்தாரு. "மகாராஜா, நாளைக்கு நீங்க வந்தா உக்கார ஒரு ஆசனம் வேணும். எங்க வேணா போடலாமா?"

"தாராளமா போடேன்."

மறுநாள் காலையில ராஜாவோட ஆசனம் கூடத்துக்குள்ள வந்துச்சு. மேல குடை, கீழ கம்பளம். சுமந்துக்கிட்டு வந்தவங்க அதை மடப்பள்ளிச் சுவரை ஒட்டி எறக்கி வச்சாங்க. வெள்ளியம்பலம் யாருகிட்டயும் எதுவும் பேசல. ஜன்னல் பக்கம் போய்க் குளத்தை வேடிக்கை பாத்தாரு.

ஆசனத்தைப் பாத்ததும் வில்லவராயர் எழுந்து உக்காந்தாரு.

"டேய் ஆண்டியப்பா! ராஜா பக்கத்துல நீயாடா படுப்பே? எழுந்திருடா!"

"அப்ப எனக்கு எடம்?"

"கடைசிக்குப் போடா! ஜன்னலண்டை!"

"ஐயோ சாமி, இப்படி ஒதுக்கறீங்களே!"ன்னு அழுதுக்கிட்டே ஆண்டியப்பன் தலகாணியைத் தூக்கிக்கிட்டு ஓடின ஓட்டத்தை நீங்க பாத்திருக்கணும்! வில்லவராயர் சுவரோரக் கட்டிலைப் பிடிக்க, காரியஸ்தர் அவர் பின்னாலயே ஓடி வந்து ரெண்டாவது எடத்தைப் பிடிச்சாரு. அரை நாழிகையில மொத்த வரிசையும் தலைகீழா மாறிடுச்சு.

உச்சிவேளைக்கு ராஜாவும் பிரதானியும் வந்தாங்க. ராஜா ஆசனத்துல உக்காந்தாரு.

"வில்லவராயரே, எப்படி இருக்கு?"

"இதமா இருக்கு மகாராஜா! உங்க பக்கத்துல இருந்தா குளிருமா?"

"ஆண்டியப்பா?"

ஜன்னலோரத்துல இருந்து ஆனந்தமா ஒரு கொறட்டை மட்டும் வந்துச்சு. 'இதமா இருக்கு'ன்னு இதை விட எப்படிச் சொல்றது?

நடந்ததைக் கேட்டதும் ராஜா தொடையைத் தட்டிச் சிரிச்சாரு. தோள்ல கெடந்த பட்டுச் சால்வையை உருவி வெள்ளியம்பலத்துக்குப் போத்தினாரு. பரிசுன்னும் சொல்லலாம், அந்தச் சூட்டுல அவருக்கு அது தண்டனைன்னும் சொல்லலாம். வேர்வை ஆறா ஓடுது.

"சரி, கெளம்பலாம்"ன்னு ராஜா லேசா அசைஞ்சாரு. அவ்வளவுதான், வில்லவராயர் கை தலகாணிக்குப் போச்சு.

வெள்ளியம்பலம் குறுக்க வந்தாரு. "மகாராஜா! ஆசனம் காலியானா எல்லாரும் மறுபடி ஜன்னலுக்கே ஓடிருவாங்க. யாராவது உக்காந்தே ஆகணும். உங்க எடத்துல உக்கார்ற தகுதி யாருக்கு இருக்கு, சொல்லுங்க?"

ராஜா மெதுவாத் திரும்பினாரு. "நம்ம பிரதானிக்குத்தான். மார்கழி முடியற வரைக்கும் தினமும் காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும்."

பிரதானி உக்காந்தாரு. முதுகு சுவத்துல பட்டதும் துள்ளினாரு. "மகாராஜா, இங்க அனலா அடிக்குதே..."

வெள்ளியம்பலம் தொண்டையைச் செருமிக்கிட்டு வாயைத் தொறந்தாரு. ஆனா அவருக்கு வேலையே இல்லாமப் போச்சு. தூங்கிக்கிட்டிருந்த ஆண்டியப்பன் உட்பட இருபத்திரண்டு பேரும் ஒரே குரலா, மூக்கால:

"எல்லாம் மனசுதான்யா! மனசு!"