முலாம்பழத்தில் இறங்கிய அண்ணன்

மணியாங்குளத்து அண்ணன் தம்பி மூன்று பேரைப் பற்றிச் சொன்னால் இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள். எனக்கென்ன, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மூத்தவர் மாடக்கண்ணுவின் மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். திங்கட்கிழமை அவருக்கு நீர்க்கடுப்பு வந்துவிட்டது. சித்திரை வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைத்தால் பின்னே என்ன வரும்? பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. மணவறையில் உட்கார்ந்து மகளைத் தாரைவார்க்க வேண்டிய மனுஷன், பாவம், அழுதேவிட்டார்.

டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்து, முலாம்பழமும் சாப்பிடச் சொன்னார். சூடு தணியும், நார்ச்சத்து வயிற்றுக்கு நல்லது, கண்ணுக்கும் நல்லது என்று பொறுமையாக விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர்தான் என்றும் சொல்லிவிட்டார்.

பழத்தை நடுவீட்டில் வைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுத்தம்பி சங்கிலிக்குத்தான் முதலில் அந்தக் கவலை வந்தது.

"அண்ணே, உனக்கு நீச்சல் தெரியாதே."

மாடக்கண்ணுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சின்னவர் பலவேசம் அந்த வீட்டில் விவரமானவர். பழத்தைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே தளும்பியது.

"ஆழமாத்தான் இருக்கும்போல" என்றார்.

"சாப்பிடாட்டி?"

"கல்யாணம் நிக்கும்."

"சாப்பிட்டா?"

"அண்ணன் முங்கிரும்."

கடைசியில், கிணற்றில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிற மாதிரியே செய்வதென்று முடிவாயிற்று. அண்ணன் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தம்பிகள் முற்றத்தில் நின்றார்கள். மாடக்கண்ணு குலசாமியைக் கும்பிட்டு ஒரு துண்டை வாயில் போட்டார். பயத்தில் மெல்லாமல் விழுங்கியதில் புரை ஏறிவிட்டது.

"முங்குது, இழு!"

இழுத்த இழுப்பில் அண்ணன் வாசற்படி தாண்டி முற்றத்தில் குப்புற விழுந்தார். துண்டு தெறித்து வெளியே வந்தது. கரையேற்றிவிட்டோம் என்று தம்பிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இதே மாதிரி தினமும் இரண்டு பழம். வியாழக்கிழமை கடுப்பு போய்விட்டது, முட்டியில்தான் தோல் இல்லை. மூன்று பேரும் கயிற்றைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

கல்யாணத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் முலாம்பழச் சாறு கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரம், மாடக்கண்ணு ஓடிப்போய்ச் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். தான் பிழைத்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். சம்பந்தி கோபப்படுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நல்லவேளை சொன்னீங்க அண்ணாச்சி. எங்களுக்கெல்லாம் நீச்சல் தெரியும். பையனுக்குத்தான் தெரியாது."

அப்புறமென்ன, முதுகில் சுரைக்குடுக்கையோடுதான் மாப்பிள்ளை தாலி கட்டினார். பெண் நன்றாக நீந்துவாள் என்பதால், கயிற்றின் மறுமுனையை அவள் கையில் கொடுத்திருந்தார்கள்.