பத்து முடிச்சுப் பட்டை

போகும் சார். பன்னெண்டு ரகசிய வார்த்தை போட்டுப் பூட்டி வெச்சாலும் கிரிப்டோ காசு போகத்தான் செய்யும். பூட்டை யாரும் உடைக்கிறதில்லை, நாமளே திறந்து காட்டுறோம். நெட்வொர்க்குல நெரிசல், அனுப்பினது ஏறாம தொங்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அந்த நேரந்தான் திருடனுக்குத் தோதான நேரம். ஈச்சங்குட்டையில ஒரு முள்ளம்பன்னிக்கு இதேதான் நடந்துச்சு.

அது காட்டுக்குள்ள இருக்கிற குட்டை. சித்திரை பொறந்தா வத்திடும். நடுவுல ஒரே ஒரு ஊத்து மிஞ்சும். அதனால தண்ணிக்கு முறை வெச்சிருந்தாங்க. மாசியில இறங்கி சேறு தோண்டினா, தோண்டின அளவுக்கு முறை. ஒரு முறைன்னா ஒரு குடும்பம் வயிறு நிறைய ஒரு தடவை குடிக்கலாம். வேணாம்னா கிழங்குக்கோ தேனுக்கோ அடுத்தவங்களுக்கு மாத்தி விடலாம்.

முன்னாடி அந்தக் கணக்கை ஒரு கொக்கு வெச்சிருந்துச்சு. அதோட மச்சான் வீட்டு முறை மட்டும் வருசா வருசம் வளந்துச்சு. கேட்டா, "வெயில்ல கண்ணு மங்கிடுச்சு"ன்னுச்சு. கொக்கை வழியனுப்பி வெச்சுட்டு புது ஏற்பாடு பண்ணாங்க. ஒருத்தர்கிட்ட கணக்கு இருந்தாத்தானே வம்பு? எல்லார்கிட்டயும் இருக்கட்டும்.

ஏற்பாடு இதுதான். ஆளாளுக்குக் கோரைப்புல்லுல ஒரு முடிச்சு, பன்னெண்டு முறுக்கு. எந்த முறுக்கு முன்னாடி, எது பின்னாடிங்கிறது அவங்கவங்க மனசுக்குள்ள. இறுக்கி இழுத்துட்டா, பார்க்கிற எவனுக்கும் இது இன்னாரோடதுன்னு தெரியும். எப்படிப் போட்டதுன்னு பிரம்மனுக்கும் தெரியாது. முறையை எடுக்கணும்னா, யாருக்கு எத்தனைன்னு ஒரு இலையில கீறி, அந்த முடிச்சால கட்டி வாகை மரத்துல தொங்க விடணும். மரங்கொத்தி அதை மரப்பட்டையில கொத்தி வைக்கும். விடியல்ல ஒரு பட்டை, உச்சியில ஒரு பட்டை, அந்தியில ஒரு பட்டை. பட்டைக்குப் பத்து முடிச்சு. எல்லாரும் அதைப் பார்த்து வீட்டுல ஒரு நகல் வெச்சுக்கணும். அப்புறம் எவனும் திருத்த முடியாது. திருத்தணும்னா நூறு வளையில நுழையணும், அதுல முப்பது பாம்பு வளை.

சட்டம் ஒண்ணே ஒண்ணு. முறுக்கை யார்கிட்டயும் வாயால சொல்லக்கூடாது. பொண்டாட்டிகிட்டயும் கூடாது, சாமிகிட்டயும் கூடாது.

நல்லாத்தான் ஓடுச்சு. அந்த வருசம் வெயில் வெறி பிடிச்சு அடிச்சுச்சு. பத்து முடிச்சு ஏறுற இடத்துல நாப்பது முடிச்சு தொங்குச்சு. மரங்கொத்தி தலையைச் சாய்ச்சு யோசிச்சுச்சு.

"யாரு இலையோட புழு அதிகமா வெக்கிறாங்களோ, அவங்க முதல்ல."

"லஞ்சமா?"ன்னு ஆமை கேட்டுச்சு.

"கொத்துக்கூலி"ன்னுச்சு மரங்கொத்தி. மூணு நாள்ல அதுக்குத் தொப்பை போட்டுடுச்சு.

காடு ரெண்டாப் பிரிஞ்சுது. வாகை மரத்தடியில ஒரு உளுத்த கட்டை கிடந்துச்சு. அது மேல உக்காந்து கரடி பேச ஆரம்பிச்சுது.

"பட்டையைப் பெருசாக்கு. பத்து என்ன பத்து? நூறு கொத்து. தாகத்துல தவிக்கிறவன்கிட்ட இடமில்லைன்னு சொல்லலாமா?"

அணில் கிளையில இருந்து கத்துச்சு. "அவ்வளவு பெரிய பட்டைக்கு நகல் எடுத்து நான் எந்தப் பொந்துல வைப்பேன்? என்னால முடியாது, எலியால முடியாது. உங்க குகையில மட்டும் இருக்கும். அப்புறம் நீங்க சொல்றதுதான் கணக்கு. இதுக்கு அந்தக் கொக்கே இருந்திருக்கலாம்."

"என்னைக் கொக்குங்கிறியா?"

"இல்ல மாமா. கொக்குக்கு மச்சான் ஒருத்தன்தான்."

அந்த விவாதம் ஒன்பது நாள் நடந்துச்சு. பெரும்பட்டைக் கட்சிக்காரங்களும் சிறுபட்டைக் கட்சிக்காரங்களும் பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கிறதையே நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடியும் கரடி வீட்டுல யாரும் அணில் வீட்டுப் பொண்ணை எடுத்ததில்லை, அது வேற விசயம். ரெண்டு புறா மட்டும், "நாங்க எங்களுக்குள்ளயே மாத்திக்கிறோம், மாசக் கடைசியில ஒரே முடிச்சாப் போட்டுக்கிறோம்"னுச்சுங்க. ரெண்டு கட்சியும் சேர்ந்து புறாவைத் திட்டுச்சு. ஒன்பது நாள்ல அவங்க ஒத்துமையா செஞ்ச காரியம் அது ஒண்ணுதான்.

இந்தக் கூட்டத்துக்குப் பின்னால, மூணு பட்டையா தன் முடிச்சு ஏறாம நின்னுக்கிட்டிருந்துச்சு நம்ம முள்ளம்பன்னி. மாசி முழுக்கத் தோண்டி பதினாறு முறை சேர்த்து வெச்சிருந்துச்சு. ஆனியில மழை வர்ற வரைக்கும் அதுக்கும் ரெண்டு குட்டிக்கும் உயிர்த்தண்ணி அதுதான். இப்போ கேட்டது ஒரே ஒரு முறை. குட்டிங்க நாக்கு காஞ்சு, முள்ளெல்லாம் தொங்கிப் போச்சு.

அந்தி நேரம். மரநாய் ஈச்சமரத்துல இருந்து இறங்கி வந்துச்சு. நல்லாப் பேசும், நல்லாச் சிரிக்கும். சேறு தோண்டினதை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

"என்னக்கா, இன்னுமா ஏறலை?"

"ரெண்டு புழு வெச்சேன். அப்படியும் ஏறலை."

"புழுவுல குறையில்லக்கா, முடிச்சுலதான் குறை. விசாரிச்சேன். உன் முடிச்சுல ஏதோ ஒரு முறுக்கு தளந்து கிடக்காம். மரங்கொத்தி ஒதுக்கி வெச்சிருச்சு."

"என்கிட்ட அது ஒண்ணும் சொல்லலையே."

"நாப்பது பேரு தொங்குறாங்க. அது கொத்துமா, வீடு வீடா வந்து சேதி சொல்லுமா?"

"சரி, வளைக்குள்ள போய்ப் புதுசா போட்டுட்டு வர்றேன்."

"போடு. உள்ள இருட்டுல அதே முறுக்கு மறுபடியும் தளரும். மறுபடியும் மூணு பட்டை. உன் பெரிய குட்டி நிக்கிற நிலையைப் பார்த்தியா?"

முள்ளம்பன்னி பார்த்துச்சு. பெரியவன் நிக்கலை, படுத்திருந்தான்.

"முறுக்கைச் சொல்லக்கூடாதுப்பா."

"யாரு சொல்லச் சொன்னா? வாயே திறக்க வேணாம்க்கா. வெளிச்சத்துல வெச்சு மெதுவாப் போடு. எது தளருதுன்னு மட்டும் நான் சொல்றேன்."

முள்ளம்பன்னி சட்டத்தை மீறலை சார். ஒரு வார்த்தை பேசலை. கோரையை எடுத்து, பன்னெண்டு முறுக்கையும் ஒண்ணொண்ணா, நிறுத்தி நிதானமா மரநாய் கண்ணு முன்னாடி போட்டுச்சு.

"ஏழாவது"ன்னுச்சு மரநாய். "அதேதான். இன்னும் கொஞ்சம் இழு. ஆங், பிரமாதம்."

மறுநாள் விடியல் பட்டையில அந்த முடிச்சு ஏறிடுச்சு. நாலஞ்சு பேரு சலிச்சுப் போய் முடிச்சை அவுத்துக்கிட்டுப் போனதால கிடைச்ச இடம் அது. முள்ளம்பன்னிக்கு அது தெரியாது. குட்டிங்களோட வயிறு முட்டக் குடிச்சுட்டு, "மரநாய் தங்கமான பையன்"னு சொல்லிக்கிட்டே பட்டையை நகல் எடுக்க உக்காந்துச்சு.

நாலாவது வரியில தன் முடிச்சு. ஒரு முறை, தனக்கு. சரி.

ஒன்பதாவது வரியிலயும் தன் முடிச்சு. அஞ்சு முறை, மரநாய்க்கு.

திரும்பப் படிச்சுச்சு. அப்புறம் மரத்தை அண்ணாந்து பார்த்துச்சு. உச்சிப் பட்டைக்காக ஒரு புது இலை தொங்குச்சு. அதுலயும் அச்சு அசலா தன் முடிச்சு. பத்து முறை, மரநாய்க்கு. அஞ்சை எடுத்து வேலை செய்யுதான்னு பார்த்துட்டு, மிச்சத்துக்கும் சேர்த்துத் தொங்க விட்டிருந்துச்சு. கூட நாலு புழு. வரிசையில சரியாப் பத்தாவது இடம். மேல ஒரு புழு வெக்க மனசு வராத கஞ்சப்பய, ஈச்சமரத்துல ஏறித் தூங்கிட்டான்.

முள்ளம்பன்னி மரங்கொத்திகிட்ட ஓடுச்சு.

"அண்ணே, அஞ்சு முறையைக் களவு குடுத்துட்டேன். அந்த வரியை அழிச்சு விடுங்க."

"யாரு முடிச்சு?"

"என் முடிச்சு. ஆனா நான் போடலை."

"உன் முடிச்சுதானே? ஏறினது ஏறினதுதான்மா. ஒருத்தி அழுதான்னு அழிச்சா, நாளைக்கு ஒருத்தன் சிரிச்சான்னு அழிப்பேன்."

"அந்தப் பத்தையாவது கொத்தாம விடுங்க."

"முடிச்சு சரியா இருந்தா கொத்துவேன். மூஞ்சியைப் பார்க்கிறது என் வேலையில்லை."

சத்தம் கேட்டு கூட்டம் திரும்புச்சு. கரடி கட்டையைத் தட்டுச்சு. "பார்த்தீங்களா? பட்டை பெருசா இருந்தா இந்தம்மா காத்திருக்குமா? காத்திருக்கலைன்னா அவன் வலையில விழுமா?"

"பட்டை பெருசா இருந்தா பதினஞ்சும் ஒரே விடியல்ல போயிருக்கும்"னுச்சு அணில். "வீட்டுல நகல் எடுத்ததாலதானே இந்தம்மா கண்டுபிடிச்சுது?"

ரெண்டு கட்சியும் கை தட்டுச்சு. முள்ளம்பன்னிக்கு யாரும் ஒரு புழு குடுக்கலை.

அது கூட்டத்தை விட்டுட்டு வளைக்குப் போச்சு. வாசலை மண்ணால அடைச்சுது. இருட்டுல உக்காந்து, இதுவரைக்கும் போடாத பன்னெண்டு முறுக்குல ஒரு புது முடிச்சுக்கு வரிசை யோசிச்சுது. தனக்குள்ளயே இருபது தடவை சொல்லிப் பார்த்துச்சு. அப்புறம் ஒரு இலையில கீறுச்சு: பழைய முடிச்சுல மிச்சம் இருக்கிற பத்தும் இந்தப் புது முடிச்சுக்கு. பழைய முடிச்சால அதைக் கட்டுச்சு.

இனி வேண்டியது அஞ்சு புழு. நாலுக்கு மேல ஒண்ணு வெச்சா மரநாய்க்கு முன்னால போயிடலாம்.

தோண்டுச்சு. மண்ணு ஓடு மாதிரி இருந்துச்சு. குட்டிங்களும் பிறாண்டுச்சுங்க. வெயில் ஏற ஏற ரெண்டு புழு கிடைச்சுது. அதுல ஒண்ணு பாதி. காட்டுல ஈரம் மிச்சமிருந்த ஒரே இடம் வாகை மரத்தடிதான். அந்த உளுத்த கட்டை. அது மேலதான் கரடி.

"கரடியண்ணே, கொஞ்சம் எழுந்திரிங்க."

"பேசிக்கிட்டிருக்கேன்மா."

"கட்டைக்கு அடியில புழு இருக்கும். உச்சிக்குள்ள வேணும்."

"உனக்காகத்தான்மா பேசுறேன். முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன்."

அணில் கீழே பார்த்துச்சு. "மாமா முடிக்கட்டும்க்கா. நான் பதில் வேற சொல்லணும்."

மேல மரங்கொத்தி வேலையை ஆரம்பிச்சுடுச்சு. டொக். ஒண்ணாவது முடிச்சு. டொக். ரெண்டாவது.

முள்ளம்பன்னி மெதுவாத் திரும்பி நின்னுச்சு. முதுகு முள்ளையெல்லாம் சரசரன்னு விரிச்சுது. ஒரு அடி பின்னால வெச்சுது.

அந்த வருசத்துலயே கரடி அவ்வளவு சுருக்கமா ஒரு பேச்சை முடிச்சதில்லை.

கட்டையைப் புரட்டினா, கொழுகொழுன்னு ஏழு புழு. அத்தனையும் அள்ளிக்கிட்டு ஓடி, இலையைத் தொங்க விடும்போது மரங்கொத்தி ஒன்பதாவதைக் கொத்தி முடிச்சு அலகைத் துடைச்சுக்கிட்டிருந்துச்சு.

அது ரெண்டு இலையையும் மாத்தி மாத்திப் பார்த்துச்சு. "ஒரே முடிச்சு ரெண்டு தொங்குதே. எதும்மா நிஜம்?"

"ரெண்டுமே என் முடிச்சுதாண்ணே. எதுக்குப் புழு அதிகம்னு பாருங்க."

மரங்கொத்தி எண்ணிப் பார்த்துச்சு. பாதிப் புழுவை மோந்து பார்த்துச்சு. "இது?"

"அதை அரைன்னு வெச்சுக்குங்க."

டொக். பத்தாவது முடிச்சு. முள்ளம்பன்னி அங்கேயே உக்காந்துடுச்சு.

அந்தியில மரநாய் சோம்பல் முறிச்சுக்கிட்டு இறங்கி வந்துச்சு.

"என் இலை ஏன் இன்னும் தொங்குது?"

"அந்த முடிச்சுல இப்போ ஒண்ணும் இல்லை. காலி"ன்னுச்சு மரங்கொத்தி.

"காலியா? என்னோட பத்து முறை..."

"யாரோடது?"ன்னு ஆமை கேட்டுச்சு.

மரநாய் இலையை அவுத்துக்கிட்டு நடையைக் கட்டுச்சு. ஆனா அந்த முதல் அஞ்சு முறை அதோடதுதான். நூறு வீட்டு நகல்லயும் அப்படித்தான் இருந்துச்சு. அஞ்சு நாள் எல்லார் கண்ணு முன்னாடியும் ஊத்துல வாயை வெச்சு நிதானமாக் குடிச்சுட்டுப் போச்சு. யாராலயும் ஒண்ணும் செய்ய முடியலை. முள்ளம்பன்னி குடும்பம் மிச்சம் பத்தை நாளைத் தள்ளித் தள்ளிக் குடிச்சுது. மழை வர்றப்போ குட்டி ரெண்டும் எலும்பும் முள்ளுமா இருந்துச்சுங்க, ஆனா இருந்துச்சுங்க. பட்டை எவ்வளவு பெருசுங்கிறதுக்கு முடிவு இன்னும் வரலை. ஒரு குழு போட்டிருக்காங்க.

வழி அகலமா குறுகலான்னு ஊரு கூடி எவ்வளவு வேணாலும் சண்டை போடட்டும் சார், உங்க முடிச்சை எப்படிப் போடுறீங்கன்னு அவசரத்துல ஒருத்தனுக்குக் காட்டிட்டீங்கன்னா, அகல வழியிலயும் போகும், குறுகல் வழியிலயும் போகும்.

இருங்க, கூப்பிடுறாங்க. நாலாவது மாடியில லிஃப்ட் நின்னுடுச்சாம், உள்ள மேனேஜராம். வர்றேன் சார்.