எண்ணெய் குடிச்ச வைப்பர்

ஏட்டி நாச்சியா, காலை நீட்டிப் படு. தலகாணியை அத்தைக்கும் கொஞ்சம் விடு. கதை வேணும்னா "ம்" கொட்டணும். கொட்டலேன்னா பாதியில நிறுத்திருவேன், சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல ஒரு கிழட்டுக் காரு இருந்துச்சாம். ராஜா எங்கேன்னு கேக்காத, இந்தக் கதையில ராஜாவுக்கு லீவு. கடையத்துல சுயம்பு அண்ணாச்சின்னு ஒருத்தரு. அவரோட காருதான். கறுப்பா, குண்டா இருக்கும். சாவியைத் திருகினா "கொர்ர்... கொர்ர்... டுப்"னு இருமிட்டுத்தான் கிளம்பும்.

அண்ணாச்சிக்கு காருன்னா உசுரு. ஆனா பாரு, ஒரு கிறுக்குத்தனம் பண்ணுவாரு. சனிக்கிழமை சனிக்கிழமை நல்லெண்ணெய் தேச்சுக் குளிப்பாரு. தேச்ச கையில மிச்சம் எண்ணெய் ஒட்டியிருக்கும்லா? நேரா வாசலுக்கு வந்து அதை வைப்பர் ரப்பர்ல தடவிருவாரு. வைப்பர் "கீச் கீச்"னு கத்துதாம், பாவமாம்! அப்புறம் அவரு மட்டும் உள்ள போயி, சீயக்காய் போட்டு முழுகிட்டு ஜம்முன்னு வருவாரு. வைப்பருக்குச் சீயக்காயும் இல்ல, குளியலும் இல்ல. கொளுத்துற வெயில்ல கண்ணாடி மேலயே படுத்துக் கிடக்கும். வெவரம் கெட்ட மனுசன். "ம்" எங்கட்டி?

ம். நல்ல புள்ள.

அப்போ ஆவணி மாசம், வெள்ளிக்கிழமை. அதே தெருவுல கோமுன்னு ஒரு பொண்ணுக்குக் கல்யாணம். மண்டபம் அம்பாசமுத்திரத்துல. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துரும், அதுக்குள்ள தாலி ஏறணும். பொண்ணைக் கூட்டிட்டுப் போக மாப்பிள்ளையோட அக்கா உலகம்மை வந்திருந்தா. மூணாவது முடிச்சுப் போட வேண்டியவ அவதான். மத்தவங்கல்லாம் வேன்ல முன்னாலயே போயாச்சு. பொண்ணுக்குன்னு பேசின புதுக்காரு வழியில நின்னு போச்சு. அப்புறம் என்ன, அண்ணாச்சி காருதான்.

உலகம்மை மூக்கைச் சுளிச்சா. "இந்த டப்பாலயா எங்க வீட்டுக்கு மருமக வரணும்?"

கோமுவுக்குச் சுருக்குன்னுச்சு. ஆனாலும் முன் சீட்டுல ஏறிக்கிட்டா. உலகம்மை பின்னால, அண்ணாச்சிக்கு நேர் பின்சீட்டுல உம்முன்னு உக்காந்தா. "கொர்ர்... டுப்." கிளம்பிட்டு.

ஆழ்வார்குறிச்சி தாண்டல, மழை "சோ"ன்னு கொட்டுது. அண்ணாச்சி வைப்பரைப் போட்டாரு. "சளக்... சளக்..." கண்ணாடி பூரா எண்ணெயை இழுவிருச்சு! முன்னால வாரது பஸ்ஸா மாடான்னே தெரியல. துணியால துடைச்சாரு, இன்னும் மோசம். ஓரமா நிறுத்திட்டு முழிச்சாரு.

கோமு கேட்டா, "அண்ணாச்சி, வைப்பர்ல என்னத்தைத் தடவினிய?"

"நல்லெண்ணெய்மா. செக்கு எண்ணெய்!"

கோமுவுக்குச் சிரிப்பு தாங்கல. "எண்ணெய் தேச்சா சீயக்காய் போடாண்டாமா?" கார்ல வச்சிருந்த சீர்த்தட்டுல இருந்து சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சா. பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகினா. மழையில இறங்கி கண்ணாடிக்கும் ரப்பருக்கும் "சரக் சரக்"குன்னு தேச்சுவிட்டா. மழையே தண்ணி ஊத்துச்சு. கண்ணாடி பளிச்!

அப்புறம் ஒரு மைல் போயிருக்கும். "பொட்"! ரப்பர் ஒரு முனையில பிஞ்சு பல்லி வாலு மாதிரி ஆடுது. எண்ணெய் குடிச்சுக் குடிச்சு ஊறி, வெயில்ல வெந்த ரப்பர், வேற என்ன செய்யும்? மணி பத்து. கோமு உலகம்மையைத் திரும்பிப் பாத்தா. உலகம்மை சட்டுன்னு தன் தலையில இருந்த மல்லியப்பூவை எடுத்தா, "விர்"ருன்னு வாழைநாரை உருவினா, இறங்கிப் போயி ரப்பரைச் சுத்திச் சுத்திக் கட்டினா. பூவெல்லாம் ரோட்டுல மிதக்குது.

"மதினி, உங்க பூவு!"

"பூவு கிடக்கு. ஏறு வண்டியில."

ம் சொல்லுட்டி. ம்.

அப்புறம், அம்பாசமுத்திரத்துக்கு ரெண்டு மைலு இருக்கும்போது "டொக்"! வைப்பர் அசையல. மோட்டாரு போச்சு. மணி பத்தேகால். கோமுவுக்கு இப்பத்தான் அழுகை வந்துச்சு. அங்க மாப்பிள்ளை தாலியோட காத்துக்கிட்டு இருப்பாருல்லா? அண்ணாச்சி மோட்டார்ல இருந்து வைப்பரைக் கழட்டி விட்டாரு. "கையால இழுத்தா ஓடும்மா. ஆனா கயிறு வேணுமே, நான் எங்க போவேன்?"

உலகம்மை அக்கம்பக்கம் பாத்தா. "அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

கோமு கூட எடுத்துட்டு வந்த துணிப்பெட்டியைத் திறந்தா. உள்ள இருந்த புதுப் பாவாடையில இருந்து நாடாவை உருவினா. ஒண்ணு, ரெண்டு! ஏட்டி, சிரிக்காத, தூக்கம் ஓடிரும்! ஒரு நாடாவை ஒரு வைப்பர்ல கட்டி கோமுவோட ஜன்னல் வழியா, இன்னொண்ணை மத்த வைப்பர்ல கட்டி உலகம்மையோட ஜன்னல் வழியா. தயிர் கடையுற மாதிரி இவ இழுக்க, அவ விட. அவ இழுக்க, இவ விட.

"இழுங்க மதினி!" "சர்ர்க்!"

"நீ இழுட்டி!" "சர்ர்க்!"

"நேரா பாத்து ஓட்டும்வே அண்ணாச்சி!"

ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சாச்சு. கோமுவோட மை கன்னம் வரைக்கும் வந்துட்டு. உலகம்மை அவளைப் பாத்தா, பாத்துட்டு "கெக்கெக்கே"ன்னு சிரிச்சா. மண்டபத்து வாசல் வரைக்கும் சிரிப்பு நிக்கல.

மணி பத்து இருவத்தஞ்சு! மாப்பிள்ளைக்கு முகமே வெளுத்துப் போயிருந்துச்சு. ஓடிவந்து உக்காந்தா கோமு. "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" முதல் முடிச்சு, ரெண்டாவது முடிச்சு. மூணாவது முடிச்சு உலகம்மை. நாடா இழுத்த கை, வெரலெல்லாம் சிவந்து கிடக்கு. அந்தக் கையாலயே இறுக்கிப் போட்டா. போட்டுட்டு, எல்லாரும் பாக்க, கோமுவைக் கட்டிக்கிட்டா.

அண்ணாச்சி பந்தியில பாயாசத்துக்குக்கூட நிக்கல. கடைக்கு ஓடிப் புது ரப்பர் மாட்டி, மோட்டாரையும் சரி பண்ணிட்டு வந்தாரு. அப்புறம் எண்ணெய்ங்கிற பேச்சே கிடையாது. ஈரத்துணியால ரப்பரைத் துடைப்பாரு, வெயில்ல நிறுத்தினா வைப்பரைத் தூக்கி நிறுத்திருவாரு.

மறுவீட்டுக்கு அதே காருதான் வேணும்னு உலகம்மை ஒத்தக்கால்ல நின்னா. அன்னைக்கும் மழை. வைப்பர் "சொய்ங்... சொய்ங்..."னு கீச்சுச் சத்தமில்லாமப் போகுது. ரெண்டு பேருக்கும் கையில வேலையே இல்ல. மாப்பிள்ளையைத் தூக்கி முன்னால உக்கார வச்சிட்டு, பின்னால மதினியும் கோமுவும் பேசுதாவ, பேசுதாவ, கடையம் வந்தும் இறங்கல.

ஏட்டி... "ம்" காணுமே? சரி, காரு வீடு வந்து சேந்தாச்சு, கதையும் வந்து சேந்தாச்சு. நீ தூங்கு, என் தங்கம்.