முதுகைக் கொடுத்த தூதுவன்

முன்னொரு காலத்தில், கிழக்கே உப்பளமும் மேற்கே உயர்ந்த மலையுமாக இருந்த ஒரு நாட்டை வில்லவராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் மரியாதை என்று வந்துவிட்டால் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். அரண்மனைத் தோட்டத்து மயில் ஒன்று தனக்கு முதுகைக் காட்டித் தோகை விரித்தது என்று அந்த மயிலையே நாடு கடத்தியவன்.

அவனுடைய அமைச்சர் மருதவாணர். ஐம்பத்தைந்து வயது, தீராத முதுகுவலி. எதைச் செய்தாலும் சரியாகத்தான் செய்தோமா என்று தன்னையே கேட்டுக் குடைந்துகொள்ளும் சுபாவம். மலைநாட்டார் ஏதோ சண்டையில் கணவாயை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மலைக்குப் போக வேண்டிய உப்பெல்லாம் மழையில் கரைந்தது. உப்பளத்துக் குடும்பங்கள் அரை வயிற்றுக் கஞ்சியோடு கிடந்தன. மருதவாணர் படாத பாடுபட்டு, மலைமொழி தெரிந்த ஒரு வணிகனைத் தூது விட்டு, சமாதானம் பேச மலைநாட்டாரை இசைய வைத்தார். அவர்கள் தோர்பன் என்ற தூதுவனை அனுப்பினார்கள். கூட வந்த வணிகனோ பாதி வழியில் காய்ச்சலில் படுத்துவிட்டான்; தூதுவன் பேச்சைப் புரிந்துகொள்ள அரண்மனையில் வேறு ஆளில்லை.

சபை கூடியது. தோர்பன் வந்தான். ராஜாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். பிறகு சட்டென்று திரும்பி, சிம்மாசனப் படியிலேயே ராஜாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

அரண்மனை மரியாதைகளைக் கவனிக்கும் திருமேனிராயர்தான் முதலில் குதித்தார். அமைச்சர் பதவியின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். "மகாராஜா! இதற்குத்தான் இந்த மலைக்குரங்கை நம் அமைச்சர் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாரா? அதே ஆள் சற்று முன் வாசலில் என்னிடம் எப்படி நடந்துகொண்டான் தெரியுமா? நான் இடப்பக்கம் போனால் இடப்பக்கம் திரும்பினான். வலப்பக்கம் போனால் வலப்பக்கம் திரும்பினான். கண்ணைக்கூட எடுக்கவில்லை! மரியாதை தெரியாதவன் இல்லை, பிரபு. உங்களுக்குத்தான் கொடுக்க மனமில்லை."

ராஜாவின் மீசை துடித்தது. "நாளைக் காலை இவன் முதுகில் நூறு சாட்டையடி. இவனை அழைத்து வந்த அமைச்சர் முதுகில் ஐம்பது."

"மகாராஜா, காரணம் தெரியாமல்..."

"காலைக்குள் காரணம் சொன்னால் பிழைத்தீர்!"

மருதவாணர் விருந்தினர் மாளிகைக்கு ஓடினார். அங்கே சமையல்காரி பொன்னாத்தாள் தோர்பனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அவன் முதுகைத்தான் காட்டி உட்கார்ந்திருந்தான். மருதவாணரைக் கண்டதும் சிரித்தான். அவருக்கும் முதுகைத் திருப்பினான். 'எனக்குமா?' என்று அவருக்கே சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்துத் திருமேனிராயர் வாசலில் தலை நீட்டினார். தோர்பன் சோற்றை விட்டு எழுந்து, அவரை நேருக்கு நேர் பார்த்தபடி சுவரோரம் ஒதுங்கினான். கை இடுப்புக் கத்திக்குப் போனது.

ஒன்றும் விளங்காமல் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தார் அமைச்சர். மனைவி உலகம்மை தைலத்தை எடுத்தாள்.

"நாளைக்கு ஐம்பது அடி வாங்கப்போகிற முதுகுக்கு இன்றைக்கு எதற்குத் தைலம்?" என்றார்.

"இதைத் தேய்த்துத் தேய்த்து என் கை தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு நாளாவது அந்தத் திருமேனிராயரிடம் தேய்க்கச் சொல்லுங்களேன்."

"அவனிடமா? முதுகைக் கொடுத்தால் கத்தியைச் சொருகிவிடுவான்!"

சொன்னவர் அப்படியே எழுந்து உட்கார்ந்தார். "அம்மாடி உலகம்மை! அந்த மலைக்காரனும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்!"

மறுநாள் சபைக்குத் திருமேனிராயரே சாட்டையோடு வந்திருந்தார்.

"அடிக்கும் முன் ராயர் இந்த ஆளை ஒருமுறை சுற்றி வரட்டும், மகாராஜா" என்றார் அமைச்சர்.

ராயர் சுற்றினார். தோர்பன் செக்குமாடு போல அவரோடு சேர்ந்து சுற்றினான், கண்ணை எடுக்காமல்.

"பார்த்தீர்களா பணிவை!" என்றார் ராயர்.

"இப்போது பொன்னாத்தாள் மோர் கொண்டு வரட்டும்."

அவள் வந்ததும் தோர்பன் நிம்மதியாக முதுகைத் திருப்பிக்கொண்டான். ராஜா புருவத்தை உயர்த்தினான்.

"மகாராஜா, இவள் நேற்றிலிருந்து இவனுக்குச் சோறு போடுகிறாள். ராயர் நேற்றிலிருந்து சாட்டைக்கு எண்ணெய் போடுகிறார். இவன் ஊரில் ஒற்றையடிப் பாதை, பக்கத்தில் பாதாளம். பின்னால் வருகிறவன் ஒரு தள்ளு தள்ளினால் போதும், எலும்புகூடக் கிடைக்காது. நம்புகிற ஆளுக்குத்தான் அங்கே முதுகைக் கொடுப்பார்கள். முகத்தைக் காட்டினால் 'உன் மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன்' என்று பொருள்."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராயரின் முகம் சுண்டிப்போனது.

"சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்றான் ராஜா.

"நீங்களும் உங்கள் முதுகைக் கொடுங்கள்."

"அவன் இடுப்பில் கத்தி இருக்கிறதே!"

"நேற்று உங்கள் இடுப்பிலும் வாள் இருந்தது, மகாராஜா."

ராஜா மெல்ல இறங்கி வந்து, தோர்பனின் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தான். 'நான் நினைத்தது தப்பாக இருந்தால்?' என்று மருதவாணர் தன்னையே கேட்டுக் குடைந்துகொண்டார். தோர்பனின் கை கத்திக்குப் போனது. உருவினான். பிடிப்பக்கத்தைத் தன் தோளுக்கு மேலாக ராஜாவிடம் நீட்டினான்.

பிறகு மோர்த் தட்டில் இருந்த உப்புக்கல் ஒன்றை எடுத்து நக்கி, எழுந்து, மேற்கே பார்த்து இரண்டு கைகளையும் அகல விரித்தான். கணவாய் திறந்துவிட்டது என்று சபைக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ராயரே, இனி மலைநாட்டில் நம் தூதுவர் நீர்தான்" என்றான் ராஜா. "அங்கே ஒரே ஒரு ஆள் உமக்கு முதுகைக் கொடுத்தால் போதும், அன்றைக்கே ஊர் திரும்பலாம். அமைச்சரே, உமக்கு என்ன வேண்டும்?"

"அந்த மயிலைத் திரும்ப அழைக்க வேண்டும், மகாராஜா."

ராஜா அப்போதே ஆள் அனுப்பினான்.

மயில் வந்தது. தோட்டத்து நடுவில் நின்று, சிலிர்த்து, ராஜாவுக்கு நேராகத் தன் முதுகைத் திருப்பித் தோகையை விரித்தது. சபையோர் எல்லோரும் ராஜாவின் மீசையைப் பார்த்தார்கள்.

ராஜா கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு எல்லோரையும் பெருமையாகப் பார்த்தான்.

"பார்த்தீர்களா, என்னை எவ்வளவு நம்புகிறது!"