கம்பு விழுந்த சாயங்காலம்

உதவிப் பயிற்சியாளராக விளையாட்டு விடுதியில் சேர்ந்தபோது முத்தரசனுக்கு நாற்பத்தாறு வயது. அவர் தொழில் கற்க வந்தது பிலோமியிடம். பிலோமி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். உயரம் தாண்டுதலில் தேசியத் தங்கம் வாங்கியவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

மாநிலப் போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. விடுதி மாணவி சகீரா 1.65 மீட்டரை அனாயாசமாகத் தாண்டுவாள். கம்பை ஐந்து சென்டிமீட்டர் ஏற்றினால் போதும், ஓடி வந்து அதன் முன்னால் நின்றுவிடுவாள்.

முத்தரசன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். கம்பைத் தட்டிவிட்டாலோ, அதன் முன்னால் நின்றுவிட்டாலோ மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும். மூன்றே நாளில் சகீரா கால்வலி என்று உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் பயம்தான் மேடம். தட்டாம தாண்ட இந்தப் பொண்ணை எப்படிப் பழக்குறது?"

பிலோமி கம்பை 1.80க்கு ஏற்றினார். அந்த விடுதிப் பெண்கள் யாரும் தாண்டியிராத உயரம். எல்லோரையும் கூப்பிட்டார்.

"இன்னைக்கு யாரும் இதைத் தாண்ட வேண்டாம். நல்லா ஓடி வந்து, நல்லா எகிறி, கம்பைத் தட்டிவிடணும். அவ்வளவுதான். முதல்ல நான்."

ஓடினார், எகிறினார், கம்போடு மெத்தையில் விழுந்தார்.

"அடுத்தது சார்."

"நானா?"

முத்தரசனுக்குத் தொப்பை உண்டு. கூச்சம் அதைவிட அதிகம். கண்ணை மூடிக்கொண்டு ஓடினார். கம்போடு அதைத் தாங்கிய ஒரு தூணும் சாய்ந்தது. மெத்தையில் மல்லாந்து கிடந்தவரின் காதில் ஒரே சிரிப்பு. சகீராவின் சிரிப்புதான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது. அவள் சிரித்து அவர் கேட்டதே இல்லை.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தூணை நிமிர்த்தி வைத்ததும் யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. சகீரா ஏழு முறை தட்டிவிட்டாள். கால்வலி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அவளே கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், 1.70 வைங்க."

வைத்தார். தட்டினாள்.

"இடுப்பு சார், இடுப்பைத் தூக்கலை," என்று சொல்லிக்கொண்டே திரும்ப ஓடினாள். மறுபடியும் தட்டினாள். மூன்றாம் முறை மெத்தையில் விழுந்தவள் எழுந்திருக்காமல் மேலேயே பார்த்தாள். கம்பு ஆடியது. ஆடி நின்றது.

முத்தரசன் தன்னை மறந்து விசிலடித்தார்.

பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்கள். முத்தரசனும் பிலோமியும் தூண்களை ஓரமாக எடுத்து வைத்தார்கள். முத்தரசனுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"நீங்க தங்கம் வாங்கின அன்னைக்குக் கடைசியாத் தாண்டினது எப்படி இருந்துச்சு மேடம்? கம்புல உரசக்கூட இல்லையா?"

"மத்தவங்க எல்லாரும் தோத்து வெளியே போனதும் தங்கம் எனக்குன்னு ஆயிடுச்சு. ஆனாலும் கம்பை இன்னும் ஏத்தச் சொன்னேன் சார்," என்றார் பிலோமி. "மூணு தடவையும் தட்டிவிட்டேன். அதுக்கப்புறம்தான் மெடல் வாங்கக் கூப்பிட்டாங்க."