ரெண்டு விசிலில் கிளம்பிய வீடு

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் தவசிலிங்கம், அடி கருகி மூடி கோணிப்போன குக்கரை மிக்கேலின் ரிப்பேர் கடை மேசையில் வைத்தார். அது அவர் மனைவி உலகம்மாளுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்தது. ஊருக்குப் போயிருக்கும் அவள் மத்தியான பஸ்ஸில் திரும்புவதற்குள் அது பழையபடி அடுப்படியில் இருந்தாக வேண்டும்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டிய?" என்றான் மிக்கேல்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். வாய் எப்போதும்போல வேறு பாதையில் திரும்பிவிட்டது.

"ஆராய்ச்சிடே. உலகத்துல பாதி சாமான் என் கைதவறிப் பொறந்ததுதான். கொசுவர்த்திச் சுருள் எப்படி வந்துச்சுன்னு நெனைக்க? முறுக்கைப் பாத்துக்கிடச் சொல்லிட்டு உலகா கோயிலுக்குப் போனா. நான் கண்ணசந்துட்டேன். எல்லாம் கரிக்கட்டை. அவ கண்ணுல படாம கட்டிலுக்கடியில தள்ளுனேன். உள்ள கங்கு இருந்திருக்கு. காலைல ஊர்க் கொசு பூராவும் செத்துக் கெடக்கு. சாக்குல அள்ளி வயலுக்கு உரமாப் போட்டோம்."

மிக்ஸி ஜாரோடு காத்திருந்த பேச்சித்தாய் விடவில்லை. "சுருள் பச்சையால்லா இருக்கு?"

"முறுக்குல முருங்கைக்கீரை அரைச்சுப் போட்டிருந்தா தாயி."

"சரி, மேல விடுங்க" என்றாள் அவள்.

"தோசைக்கல்லைக் கழுவும்போது வாய்க்கால்ல நழுவ விட்டேன். எடுக்கறதுக்குள்ள கெளுத்தி மீனெல்லாம் நக்கியே வழவழன்னு ஆக்கிட்டு. நான்ஸ்டிக்குங்கானே, அது அப்படிப் பொறந்ததுதான். அப்புறம் அதுல தோசை நிக்கல. ஒண்ணு வழுக்கிட்டே போயி, பக்கத்து ஊருக் கல்யாணப் பந்தில ஒருத்தன் எலைல விழுந்துச்சு. சட்னி எங்கன்னு கேட்டு அவன் நம்ம வீட்டுக்கே வந்துட்டான்."

"இந்தக் குக்கரு?" என்றான் மிக்கேல்.

"அதுக்கு விசில் குடுத்ததே நான்தாம்டே. அப்பல்லாம் குக்கர் ஊமை. ஒரு நாள் குனிஞ்சேன், கழுத்துல கெடந்த கண்டக்டர் விசிலு அந்த ஓட்டைல போய் மாட்டிக்கிட்டு. ஒரு விசில் அடிச்சுது. தெருவுல போன பஸ்ஸெல்லாம் நின்னுட்டு. அடுத்து ரெண்டு விசில்..."

"ரைட்டுன்னு பஸ்ஸு கெளம்பிட்டாக்கும்?"

"பஸ் எங்க கெளம்பிச்சு? வீடு கெளம்பிட்டு. நாங்குநேரி தாண்டித்தான் நின்னுச்சு. மொட்டைமாடில பாத்தா, வழில ஏறுன நாலு பேரு உக்காந்திருக்கான்."

"டிக்கெட்டு போட்டியளா?"

"அதுக்குள்ள சோறு வெந்துட்டு தாயி. சாப்பிட வச்சு அனுப்பினோம்."

மிக்கேல் குக்கரைக் கவிழ்த்துத் தட்டினான். கரி உதிர்ந்தது. "எல்லாஞ் சரி அண்ணாச்சி. பருப்பு வேகத் தண்ணி ஊத்தணும்னு கண்டுபிடிச்சது யாரு?"

தவசிலிங்கம் உதிர்ந்த கரியைக் கையால் வழித்து ஒதுக்கினார்.

"அது மட்டும் உலகா. சீக்கிரம் பாருடே."

வெளியே ஒரு விசில் கேட்டது. பஸ் நின்றது. பையோடு இறங்கிய உலகம்மாள் கடைக்குள் இருந்த புருஷனைப் பார்த்தாள். பிறகு மிக்கேல் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"உலகா, இது வந்து..." என்று தொடங்கினார் தவசிலிங்கம்.

மிக்கேல் குக்கரைக் கீழே வைத்தான். ரெண்டு விரலை வாயில் வைத்து, ரெண்டு விசில் அடித்தான்.

"கெளம்புங்க அண்ணாச்சி."